அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஏழு நாள்

கல்லூரித் தோழி ஒருத்தி போன ஏப்ரலில் கொடைக்கானலிலிருந்து படங்கள் அனுப்பியிருந்தாள். படகில் அவளும் அவள் அப்பா அம்மாவும். மூன்று பேர் முகத்திலும் நன்றாகத் தூங்கி எழுந்த தெளிவு. படுக்கையிலேயே இருக்கும் தங்கை ஒருத்தி அவளுக்கு உண்டு. "தங்கச்சி எங்கடி?" என்று கேட்டேன். கோயம்புத்தூரில் ஓர் இல்லம் இருக்கிறதாம். வீட்டுக்காரர்கள் ஓய்வெடுக்க, பத்து நாள் வரை அவர்களே வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். "போன் பண்ணாப் போதும்டி" என்றாள், ஆட்டோவுக்குச் சொல்வதைப் போல. நான் ஒரு இதயப்படத்தைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். வயிறு எரிந்தது.

எங்கள் வீடு கந்தர்வக்கோட்டைப் பக்கம். அப்பா இறந்த பிறகு அம்மா, அண்ணன், நான். இருபத்தாறு வயது அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே நடையில்லை, பேச்சில்லை. தூக்கிக் குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் அம்மாதான். தூக்கித் தூக்கியே அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. ஆபரேஷன் பண்ணி ஏழு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்று புதுக்கோட்டை டாக்டர் சொல்லி ஒரு வருடமாயிற்று. நான் அம்மாவுக்குத் துணையிருந்தால் அண்ணனை யார் பார்ப்பது? அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

அண்ணனைக் கோயம்புத்தூர்வரை கொண்டுபோக முடியாது. பக்கத்திலேயே அப்படி ஓர் இடம் தேடி, படங்களைப் பார்த்த மறுநாளே கிளம்பிவிட்டேன். திருக்கோகர்ணத்தில் ஒரு பகல்நேர மையம் இருந்தது. நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்னோர் இல்லத்தில் பொறுப்பாளர், "யாருமில்லாதவங்களுக்குத்தாம்மா இங்க எடம். ஒங்க அண்ணனுக்குத்தான் அம்மா இருக்காங்க, நீ இருக்கியே" என்றார். அவருக்குப் பின்னால், மின்விசிறிக்குக் கீழே பத்துப் பேர் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாருமில்லாத அவர்கள்மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சித்தியைக் கேட்டேன். "முந்திரி பொறுக்குற நேரத்துல எங்கிட்டுடி வாரது?" என்றாள்.

கடைசியில் அந்தப் பகல்நேர மையத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் கை கொடுத்தார். "மே மாசம் எங்களுக்கு லீவுதான பாப்பா. நான் வந்து ஒங்க வீட்டுலயே தங்கிக்கிறேன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போனேன். வாசலிலேயே அண்ணனின் சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே அந்த அக்கா வாயால் பஸ் ஓட்டி, ஹாரன் அடித்து ஒவ்வொரு வாயாக ஊட்ட, அவன் வாங்கிக்கொண்டிருந்தான். அதுவும் வெண்டைக்காய்! நாங்கள் கொடுத்தால் துப்புவான்.

"சாப்பாட்டு ராமனா இருக்காரு. இவரப் போயி சாப்பிட மாட்டாருன்னீங்களே பாப்பா!"

அண்ணன் என்னைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டு, மறுபடி அவர் கையைப் பார்த்தான். இப்போது எரிந்ததைப் பார்த்தால், கொடைக்கானல் படங்களுக்கு எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. நாயாக அலைந்து இதைத்தானே தேடினேன்? கிடைத்ததும் எனக்கே பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். அம்மா தலைசீவி, தலையணையில் சாய்ந்து, பக்கத்துக் கட்டில்காரியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படியொரு முகத்தை நான் வீட்டில் பார்த்ததேயில்லை. என்னைக் கண்டதும் கேட்டாள்: "என்னயத் தேடுறானாடி?"

வெண்டைக்காய் தின்கிறான் என்று சொல்லியிருக்கலாம். அந்த அக்கா அவ்வளவு சுலபமாக ஜெயிப்பதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

"வாசலையே பாத்துக்கிட்டு இருக்காம்மா. சரியாவே சாப்பிடல."

அம்மாவின் சிரிப்பு நின்றது. மெதுவாகக் காலைக் கீழே இறக்கிச் செருப்பைத் துழாவினாள். "டாக்டர்ட்டச் சொல்லி எழுதி வாங்கு. போயிருவோம்."

"இன்னும் நாலு நாளு இருக்குல்லக்கா, படுங்க" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் பெருமை. "நான் இல்லாட்டி அவனுக்குச் சோறு எறங்காதுங்க."

பொய் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. கொண்டுவந்த துணிப்பையைப் பிரிக்காமலே தோளில் மாட்டிக்கொண்டு நர்ஸைத் தேடிப் போனேன்.