ஞானஜோதி அழித்த ஆயிரத்து நானூறு வரிகள்

ஞானஜோதி வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த அலுவலகத்தில் தரை துடைக்கிறவள் நான். யார் நாற்காலி எப்போது காலியாக இருந்தது என்று எனக்குத் தெரியும். பொறுக்கமுடியாமல்தான் எழுதுகிறேன்.

பம்மல் தோல் ஆலையில் உழைத்த ஞானையாவின் மகள் அவள். முப்பது வயது. ஷேர் ஆட்டோவில் தாம்பரம் வந்து, பஸ் பிடித்துப் பெருங்களத்தூர் வருவாள். எங்கள் கம்பெனி இரத்தப் பரிசோதனை நிலையங்களுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறது. வாசல் பக்கம் ஒரு வெள்ளைப் பலகை. யார் அந்த வாரம் எத்தனை வரி எழுதினார்கள் என்று மேனேஜர் அனந்தகிருஷ்ணன் அதில் எழுதுவார். மாதக் கடைசியில் அடியில் கிடக்கிற பெயருக்கு வேலை போய்விடும்.

ஒருநாள் ஒரு நிலையத்திலிருந்து புகார் வந்தது. ஒரே நாளில் இரண்டு செல்வமேரிகள் வந்திருக்கிறார்கள். சர்க்கரை உள்ளவளின் பரிசோதனை முடிவு சர்க்கரை இல்லாதவள் கைக்குப் போய்விட்டது. நம் ஜனங்கள் இனிஷியலை ஒரு நாள் பெயருக்கு முன்னால் எழுதுவார்கள், இன்னொரு நாள் பின்னால் எழுதுவார்கள். முன்பு இருந்தவர்கள் பெயர் எழுதுகிற ஒவ்வொரு விதத்துக்கும் புரோகிராமில் ஓர் ஒட்டுப் போட்டு, பெயரை வைத்தே ஆளைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள். ஒட்டின்மேல் ஒட்டாக ஆயிரத்து நானூறு வரி.

ஜோதி பதினோரு நாள் அதைப் படித்தாள். அதில் இரண்டு நாள் அந்த நிலையத்திலேயே உட்கார்ந்து, வருகிறவர்கள் பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொல்லி நானே போய் நின்றிருக்கிறேன். கடைசியில் அத்தனையையும் எடுத்துவிட்டு, நோயாளியின் அட்டை எண்ணை வைத்து ஆளை அறிய ஒன்பது வரி எழுதினாள். குழப்பம் நின்றது.

பலகையில், அழித்த வரிகளைக் கழித்து, அவள் பெயருக்கு நேரே மைனஸ் 1391 என்று ஏறியது.

பக்கத்து சீட் ஆபேல் சிரித்தான். "இன்னா ஜோ, பாதாளத்துக்குப் போய்க்கினு கீற? அழிச்சத்த அப்படியே திருப்பி ஒட்டு. சாயங்காலம் நீதான் ஃபர்ஸ்ட்டு."

"உன் வரியில பாதி காலி வரிதானே, ஆபேல்?"

"அதுக்குத்தான் கைதட்றாங்கோ. நான் இன்னா பண்ண?"

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பதினோரு நாள்ல ஒன்பது வரி. மீதி நேரம் என்னம்மா பண்ணின?"

"படிச்சேன் சார். யோசிச்சேன்."

"அதுக்கு போர்டுல இடம் இல்லையே. பழசை ஓடாத மாதிரி ஓரமா போட்டு வை. எண்ணிக்கை சரியாயிடும், உன் வேலையும் போகாது."

"வேணாம் சார். நாளைக்கு யாராவது தெரியாம அதை ஓட வெச்சா, மறுபடியும் ஒருத்தர் முடிவு இன்னொருத்தருக்குப் போகும்."

அன்று மாலையே அவள் கழுத்து அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

நான் துடைக்கிற தரைக்கு எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாய் என்று யாரும் கேட்பதில்லை. அழுக்கு போயிற்றா என்றுதான் பார்க்கிறார்கள். எங்கள் சபையில் முக்கால் மணி நேரம் ஜெபிக்கிறவர்கள் உண்டு. ஆண்டவர் அதை வார்த்தைக் கணக்கில் வாங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. படித்த மனிதர்களுக்கு மட்டும் இது ஏன் தெரியாமல் போயிற்று? கோபப்படக்கூடாது என்று முழங்காலில் நின்று பார்த்தேன். எழுந்தபோதும் கோபம் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்த போர்டுல ஜோதி பேரைத் துடைச்சிடும்மா."

பதினாறு வருஷத்தில் நான் மறுத்துப் பேசியதில்லை.

"நான் துடைக்க மாட்டேன் சார். நீங்களே துடைச்சிக்கோங்க."

பிறகு அவரே கைக்குட்டையால் துடைத்தார். நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.