கொம்பில் வைத்த சந்தனம்

நாற்பத்தாறாம் வருஷம் விஜயதசமியன்று காலை ஏழரை மணிக்கு நல்லகாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆகாயவிமானத்தில் ஏறினான். மாட்டுவண்டியையும், இரண்டு தடவை ரயிலையும் தவிர வேறெதிலும் ஏறியறியாதவன். புதிதாகத் தொடங்கும் மதராஸ் தபால் சர்வீஸுக்கு அன்றுதான் முதல் பயணம். வழியில் திருச்சியில் மூட்டைகளை இறக்கிப் போட ஓர் ஆள் வேண்டுமென்று மேனேஜர் சொன்னதும், விமானக் கொட்டகையில் சுமை தூக்குகிற ஐந்து பேரும் நான் நீ என்று முண்டினார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் நல்லகாமன் பெயர் வந்தது.

அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள் விளக்குமாறும் கையுமாக ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றாள். கொட்டகையையும் ஓடுதளத்தையும் கூட்டுவது அவள் வேலை.

"மேல போனதும் கண்ணை இறுக்க மூடிக்கய்யா. கீழ பார்த்தா தலை கிறுகிறுக்கும்" என்றாள்.

"கண்ணை மூடவா இம்புட்டுப் பேரை முந்திக்கிட்டு ஏறுறேன்? உங்க அண்ணன் வீட்டுக் கூரையில ஓட்டை ஓடு எத்தனைன்னு எண்ணிட்டு வாரேன் பாரு."

"எண்ணு, எண்ணு. எறங்கி வந்து நீதான் அதை மாத்தணும்."

பொழுது சாய வந்துவிடுவேன் என்று சொல்லி உள்ளே போனான். வானம் மேகம் கவிந்து கிடந்தது. விமானம் ஓடி, தளம் முடிகிற இடத்தில் எழும்பி, கண்மாய்க்கரையைத் தாண்டி அழகர்மலைப் பக்கம் திரும்பியது. திரும்பியது நிமிரவில்லை. இடது இறக்கை சாய்ந்துகொண்டே போய், கண்மாய்க்குள் மூக்குக் குத்தி விழுந்து தீப்பிடித்தது. ஓட்டியவர்கள் இரண்டு பேர், கம்பியில்லாத் தந்திக்காரர் ஒருவர், நல்லகாமன். நால்வரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

ஒச்சம்மாளுக்கு அப்போது இருபத்தேழு வயது. ஒத்தக்கடையிலிருந்து மேலூர் போகிற சாலையில், கண்மாயை ஒட்டிய சின்ன ஊர் அவளுடையது. புருஷன் பெண்டாட்டிக்கு ஒன்றரைக் குறுக்கம் நிலம் இருந்தது. யுத்தத்தின்போது பட்டாளத்துக்காரர்கள் ஓடுதளம் போட வந்தபோது அதில் பாதி போயிற்று. தங்கள் வயலின்மேல் தாங்களே கூலிக்குக் கல் சுமந்து கொட்டினார்கள். யுத்தம் முடிந்து பட்டாளம் கிளம்பியதும், நிலம் திரும்பி வரும் என்று ஊரே காத்திருந்தது. வந்தது ஒரு விமானக் கம்பெனி.

முதலில் அந்தக் கம்பெனியிடம் மூன்றே மூன்று சின்ன விமானங்கள்தான். இறக்கையில் துணி போர்த்தியவை. தபால் மூட்டையோடு இரண்டு பேர் ஏறினால் நிறைந்துவிடும். ஆறே மாதத்தில் அவற்றைத் தள்ளிவிட்டுப் பெரிய விமானங்களாக வாங்கத் தொடங்கினார்கள். யுத்தத்தில் மிஞ்சிய விமானங்கள் வங்காளத்தில் மைதானம் மைதானமாகக் கிடக்கின்றன, போய்ப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டியதுதான் என்று பேச்சு. இரட்டை எஞ்சின் வைத்த ஏழு விமானங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. பெரிய விமானம் ஓட நீண்ட தளம் வேண்டும். ஒச்சம்மாளின் மிச்ச நிலமும் அப்படித்தான் போயிற்று. அதற்கு ஈடாகத்தான் புருஷனுக்குச் சுமை தூக்கும் வேலையும் அவளுக்கு விளக்குமாறும் கிடைத்தன.

எஞ்சின் வேலை பார்க்கிற சிக்கந்தர் மதுரை காஜிமார் தெருக்காரன். பட்டாளத்துப் பட்டறையில் தொழில் படித்தவன். யாரையும் ஏய் என்று கூப்பிடாத ஆள். ஒச்சம்மாளை அக்கா என்பான். டீ வாங்கினால் அவளுக்கும் சேர்த்து வாங்குவான். புதிதாக வந்த விமானங்களைப் பார்த்து அவன்தான் முதலில் சிரித்தான். மூன்றைப் பிரித்து ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள் என்றான். "இதுக்குக் காலு ஒருத்தனுது, கையி ஒருத்தனுது, மூச்சு இன்னொருத்தனுது அக்கா. இது பேரைக் கூப்பிட்டா எது திரும்பிப் பார்க்கும்னு தெரியல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் வருவதைப் பார்த்து அடங்கினார்கள்.

சரஸ்வதி பூஜையன்று கொட்டகையில் ஆயுத பூஜை போட்டார்கள். பெட்ரோல் பம்பு, தீயணைக்கும் வாளி, ஸ்பானர்கள், விளக்குமாறு, எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். மறுநாள் புதுச் சர்வீஸுக்குப் போகவேண்டிய விமானத்துக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டார்கள். பொட்டு வைக்கும் வேலை ஒச்சம்மாளுக்கு. கதவு, சக்கரம், எட்டின மட்டும் உடம்பு என்று வைத்துக்கொண்டே வந்தவள், மூக்குக்குக் கீழே வந்ததும் நின்றாள். அங்கே இரண்டு குழாய்கள் முன்னே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துக்கு ஒன்றாக நீட்டிய கன்றுக்குட்டிக் கொம்பு மாதிரி. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டை எத்தனை அலங்காரம் செய்தாலும் கொம்பு நுனி வெறுமையாக இருந்தால் பூஜை முடிந்ததாக ஆகாது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, கைநிறையச் சந்தனம் எடுத்து, இரண்டு நுனியிலும் குமிழாக அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். கீழே நின்ற நல்லகாமன், ஜல்லிக்கட்டுக்குத்தான் அனுப்பப் போறியா என்று கேட்டான்.

பூஜையில் வைத்ததை விடியும் வரை யாரும் தொடுவதில்லை.

மறுநாள் அவள் புருஷன் அதில்தான் போனான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் விசாரணைக்கு வெளியூரிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். கொட்டகையிலேயே மேசை போட்டு உட்கார்ந்தார்கள். விழுந்ததில் வெந்தது போக மிஞ்சிய இரும்பெல்லாம் கண்மாய்ச் சேற்றில் புதைந்து கிடந்தது. அதைப் பார்த்து அவர்களுக்கு எதுவும் புரியவில்லை. கொட்டகையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒச்சம்மாளை யாரும் கேட்கவில்லை. கண்மாய்க்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள், இடது பக்கம் கரும்புகை வந்ததாகவும் சத்தம் பாதியாகக் குறைந்ததாகவும் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அவர்களையும் யாரும் கேட்கவில்லை. அவள் தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்றாள்.

சிக்கந்தர் முறை வந்தது. மேனேஜர் அவன் பக்கத்திலேயே நின்று இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். மூக்குக்குக் கீழே இருக்கும் குழாய்க்குள் காற்றுப் போனால்தான் விமானம் எவ்வளவு வேகம் போகிறதென்று ஓட்டுகிறவருக்கு முள் காட்டும். மேகத்துக்குள் முள் செத்துப்போனால் ஓட்டுகிறவர் குருடர். வேகம் குறைந்தது தெரியாமல் திருப்பினால் விமானம் கீழே விழும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்தக் குழாய்கள் இரண்டிலும் பூஜைச் சந்தனம் அடைத்திருந்தது என்றான். காலையில் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றான். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்கள்.

"நான் முசல்மான். சாமிக்கு வச்சதை நான் துடைச்சா தப்பாயிருமோன்னு விட்டுட்டேன்" என்றான் சிக்கந்தர்.

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குமேல் அவனைக் கடிந்து பேச அவர்களுக்கு வாய் வரவில்லை. யார் வைத்தது என்று மட்டும் கேட்டார்கள். எல்லோரும் சேர்ந்து வைத்தார்கள், இன்னார் என்று தெரியாது என்றான். எழுதிக்கொண்டு எழுந்தார்கள்.

ஒச்சம்மாள் தண்ணீர்ப் பானையை விட்டு நகர்ந்தாள். கொட்டகைக்குப் பின்னால் சிக்கந்தர் தனியாக நின்றபோது அவனிடம் போனாள்.

"தம்பி, நெசமா? அந்தக் கொம்புலயா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க பேரை நான் எடுக்கலக்கா" என்றான்.

அவள் அப்படியே அவன் காலில் விழுந்தாள். அவன் சுட்டதுபோல் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். நம்மைவிட மூத்தவள் காலில் விழுகிறாளே என்று கூசியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் கும்பிட்ட சாமிகளில் அவனும் ஒருவன். காட்டிக் கொடுத்திருந்தால் ஊர் அவளை என்ன செய்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். செத்துப்போன மற்ற மூவரின் வீட்டார் என்ன செய்திருப்பார்கள் என்பதும் தெரியும்.

பிறகு கொட்டகையில் ஒரு பலகை மாட்டினார்கள். விமானத்தின்மேல் சந்தனம், குங்குமம், மாலை எதுவும் கூடாது என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பலகைக்குக் கீழே கூட்டும்போதெல்லாம் தன் பெயர் அதில் இருப்பதாகவே நினைத்தாள். கம்பெனி நிற்கவில்லை. ஏழில் ஒன்று போக ஆறு இருந்தது; வருஷம் திரும்புவதற்குள் பதினொன்று ஆயிற்று. கொழும்புக்குக்கூடப் போயின. புது விமானம் வந்து இறங்கும்போதெல்லாம் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். அவள் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். சிக்கந்தரைப் பெரிய மேஸ்திரியாக்கிப் பெங்களூர்ப் பட்டறைக்கு அனுப்பினார்கள். நல்லவனுக்கு நல்லது நடந்தது என்று அவள் மனம் ஒரு நிமிஷம் குளிர்ந்தது. போகும்போது அவன் சொல்லிக்கொள்ளாமலே போனான்.

அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள். பேச்சியம்மாள் என்று பெயர். பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளைக்குத் தலைவாரிப் பொட்டு வைக்கப் போகும்போது ஒச்சம்மாளின் கை பாதியில் நின்றுவிடும். ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளும் அவள் பிள்ளையைத் தொடாமல் சுவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தன் கை பட்டது எதுவும் நிலைக்காது என்று அவளுக்குள் ஏறிவிட்டது. காய்ச்சல் விட்ட மறுநாள் மேலூரில் இருந்த நாத்தனாரை வரச் சொல்லி, பிள்ளை இல்லாத அவளிடம் மகளை ஒப்படைத்தாள். ஏன் என்று நாத்தனார் கேட்டாள். வளர்க்க வழியில்லை என்றாள். ஊரும் அதையே நம்பியது. வேறு கல்யாணத்துக்கு ஆசைப்பட்டு மகளைத் தள்ளிவிட்டாள் என்று சிலர் பேசியதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

அப்புறம் அவளால் ஓடுதளத்தில் நிற்க முடியவில்லை. மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் ஜல்லி உடைக்கப் போனாள். மகள் இருக்கும் ஊருக்குப் பக்கம் என்றுதான் அங்கே போனாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சந்தைக்குப் போகும் வழியில் தூரத்தில் நின்று பார்ப்பாள். ஒரு தடவை பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு, நாத்தனாரின் சேலையை இழுத்து, "ஆத்தா, அந்த அத்தை நம்மளையே பார்க்குது" என்றது. நாத்தனார் பிள்ளையின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். ஒச்சம்மாளும் சந்தைக்கு வந்தவள் போலவே நடந்து போனாள்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் பங்குனியில் தபால்காரர் பேச்சிமுத்து குவாரிக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஒரு கடுதாசி. "விமானக் கொட்டகையில் கூட்டும் ஒச்சம்மாள், ஒத்தக்கடை" என்று விலாசம். அங்கே ஆள் இல்லை என்று சுற்றிச் சுற்றி நாலு மாதம் கழித்து வந்திருக்கிறது. எனக்கு யார் எழுதப் போகிறார்கள் என்று அவள் சுத்தியலைக் கீழே வைக்கவே இல்லை. சிக்கந்தர் வீட்டிலிருந்து என்றதும் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு புங்கமரத்து நிழலில் நின்று அவர் படித்தார்.

"ஒச்சம்மாள் அக்காவுக்கு சிக்கந்தர் சம்சாரம் சைனப் எழுதுவது. இவர் மார்சளியில் படுத்து இருபது நாளில் மௌத்தாகிவிட்டார். போகும்முன் உங்களுக்கு எழுதச் சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அன்று விடிகாலையில் அந்தச் சந்தனத்தை அவர் துடைத்துவிட்டார். குச்சி விட்டு எடுத்து, ஊதிப் பார்த்தார். இரண்டு குழாயும் சுத்தமாக இருந்தது. சாமி தப்பாக நினைக்காது என்று சொல்லிக்கொண்டேதான் துடைத்தாராம்."

பேச்சிமுத்து நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"மேல படிங்கண்ணே" என்றாள்.

"கெட்டது இடது பக்கத்து எஞ்சின். அது வேறொரு உடைந்த விமானத்திலிருந்து எடுத்து வைத்தது. பறக்க ஆகாது என்று இவர் முதல் நாளே புஸ்தகத்தில் எழுதினார். நல்ல நாள் தவறக்கூடாது என்று மேனேஜர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டார். விசாரணைக்கு முந்தின நாள் இவரைக் கூப்பிட்டு, எஞ்சின் என்று சொன்னால் மற்ற ஆறு விமானத்தையும் நிறுத்திவிடுவார்கள், கம்பெனி மூடிவிடும், நீயும் ஜெயிலுக்குப் போவாய், சந்தனம் என்று சொல் என்றார். முசல்மான் என்பதால் தொடவில்லை என்பதும் மேனேஜர் சொல்லிக் கொடுத்ததுதான். அப்போது எங்களுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து பதினோரு நாள். இவர் சொல்லிவிட்டார். நீங்கள் காலில் விழுந்த நாளிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தது பயம். இப்போது யாரும் இவரை ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் கையால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லச் சொன்னார். மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூடாது என்றும் சொன்னார், அதனால் நான் கேட்கவில்லை. கம்பெனி வீட்டை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்கே போகப் போகிறோம் என்று எனக்கே தெரியாது. பதில் எழுத வேண்டாம், வந்து சேராது."