மணவறையில் ஹம்சினியின் தலைமுடி

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஏதாவது ஒரு மாடிக்கட்டடத்தில் லிஃப்ட் பாதிவழியில் நின்றுபோனால், உள்ளே அகப்பட்ட சனம் திட்டித் தீர்ப்பது திருத்த வருகிற ஆளைத்தான். அந்த ஆள் பலநாள் ஹம்சினியாக இருப்பாள். ஒருமுறை இரண்டு பை மரக்கறியோடு மாட்டிக்கொண்ட ஒரு தமிழ் மாமி, கதவு இடுக்கால் வெளியே நின்றவளின் நிறத்தையும் தலையையும் பார்த்துவிட்டு, இவளுக்கு என்ன விளங்கப்போகுது என்ற துணிவில் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிப் பேசினார். ஹம்சினி கதவை நெம்பித் திறந்து, "மாமி, பையைத் தாங்கோ, கத்தரிக்காய் நசியப்போகுது" என்றாள். மாமிக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வெளியே வந்து மூச்சு விட்ட கையோடு கேட்டாரே ஒரு கேள்வி! "நீர் தமிழ்ப்பிள்ளையோ? அப்ப தலைமயிர் ஏன் இப்பிடி?"

முப்பத்தொரு வயது வரைக்கும் இந்தக் கேள்வி அவளை விட்டபாடில்லை. அப்பா குவாபெனா கானா நாட்டவர், பஸ் ஓட்டுபவர். அம்மா கலாவதி யாழ்ப்பாணத்துச் சங்கானைப் பெண், பஸ் டிப்போ கன்ரீனில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது இவரைக் கண்டவர். கலாவதி அவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கலாவதியின் ஆட்களில் ஒரு குஞ்சு குருமான்கூட அந்தக் கலியாணத்துக்கு வரவில்லை. பதிவுக் கந்தோரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு பேருமாகப் பொரித்த கோழி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சந்தோசமாகத்தான் போனார்கள், அதில் குறையில்லை.

பிள்ளைகள் இரண்டு. ஒரே தாய் தகப்பன், ஆனால் தலை இரண்டு விதம். இளையவள் கோசிகாவுக்குத் தளர்ந்த சுருள். தோளில் விழுந்து அலைபாயும். கடைத்தெருவில் போகிற வருகிற மாமிமார் எல்லாம் அதைத் தடவிப் பார்த்து, "என்ன வடிவான சுருட்டை!" என்பார்கள். அதே கை ஹம்சினியின் தலைப்பக்கம் வந்ததும் அந்தரத்தில் நிற்கும். அவளுடையது பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் மாதிரிச் சின்னஞ்சிறு சுருள், நெருக்கமோ நெருக்கம். ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் முதுகின் பாதி வரை வரும். விட்டால் காதுக்கு மேலே ஓடிப்போய் இருந்துகொள்ளும். அவ்வளவு நீளத்தையும் உள்ளே மடித்து வைத்திருக்கிற தலையைப் பார்த்து, "பாவம், இந்தப் பிள்ளைக்கு வளருதில்லைப்போல" என்பார்கள். என்ன சொல்ல!

இது தமிழர் மட்டும் செய்கிற அநியாயம் என்று நினைக்கவேண்டாம். அப்பாவின் பக்கத்துக் கொண்டாட்டங்களிலும் கோசிகாவின் தலைக்கு "நல்ல முடி" என்று பெயர். ஹம்சினியினுடையதைப் பின்ன உட்காரும் பெண்கள், "அம்மாடி, இது கடினமான தலை" என்று பெருமூச்சு விட்டுத்தான் சீப்பை எடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கறுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான். சுருள் எவ்வளவு தளர்வோ அவ்வளவு மதிப்பு. எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு அறிவுரை. வேலைக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போ, படம் எடுக்கும்போது இழுத்துக்கொண்டு வா என்று.

கலாவதி பாவம், தனக்குத் தெரிந்ததைத்தான் செய்தார். வெள்ளிக்கிழமை என்றால் நல்லெண்ணெய், சீயாக்காய், முழுக்கு. பிறகு நன்றாகக் காயவிட்டு, நெருக்கமான சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுவை. தமிழ்த்தலைக்கு அது சரி. இந்தத் தலைக்கு அது கொலை. சீயாக்காய் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும், காய்ந்த சுருள்கள் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். சீப்பின் பல் உடையும், பிள்ளை கத்தும், தாயும் அழுவார். "அடங்குதில்லையே, நான் என்ன செய்ய?" என்பார். இந்த முடியை ஈரத்தோடு, கண்டிஷனர் வழுவழுப்போடு, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கி எடுக்கவேண்டும் என்பதை ஹம்சினி பதினாறு வயதில் தானாகத் தேடிப் படித்தாள். அன்றிலிருந்து தாயின் கையில் தலையைக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

அதன்பிறகு அவளுக்கும் தலைக்கும் சண்டையில்லை. ஞாயிறு முழுக்க அவளுடைய முழுக்கு நாள். பாட்டைப் போட்டுவிட்டு, பகுதி பகுதியாகப் பிரித்து, கழுவி, கிறீம் பூசி, விரலால் சுருட்டி விடுவாள். படுக்கும்போது பட்டுத்துணி கட்டுவாள். வேலைநாளில் நெருங்கப் பின்னி ஹெல்மெட்டுக்குள் அடக்குவாள். லீவு நாளில் அவிழ்த்துவிட்டால் தலையைச் சுற்றிப் பூசணிக்காய் அளவுக்கு எழும்பி நிற்கும். ஆர் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பாள். ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு உள்ளுக்குள் ஆறாமல் கிடந்தது. அம்மா அவளுடைய கண் வடிவு என்றிருக்கிறார், கை ராசியான கை என்றிருக்கிறார், மூளை தன்னுடையது என்று பீற்றியிருக்கிறார். அந்தத் தலையை மட்டும் ஒருநாளும் வடிவு என்று சொன்னதில்லை. கேட்டு வாங்குகிற சொல்லா அது? அவளும் கேட்கவில்லை.

கலியாணம் பேசியாயிற்று. மாப்பிள்ளை லக்‌ஷன் பாரிஸில் வளர்ந்து லண்டனுக்கு வந்த பெடியன், வீடுகளுக்குச் சமையலறை அலுமாரிகள் பொருத்திக் கொடுக்கும் தொழில். அவனுக்கு அவள் தலையைப் பற்றி ஒரு கருத்துத்தான் உண்டு: தலையணையில் பாதி இடத்தை அது பிடிக்கும் என்பது. கூறைச்சேலை எடுத்தாயிற்று, மண்டபம் சொல்லியாயிற்று. அப்போதுதான் கலாவதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, ஒண்டே ஒண்டு கேக்கிறன். மணவறையில மட்டும் தலையை நேராக்கி, நீளப்பின்னல் வைச்சு, பூச்சடை கட்டுவம். ஒருநாளைக்குத்தானே?"

"ஏனம்மா?"

"என்ர கலியாணத்துக்கு ஒருத்தரும் வரேல்ல. இப்பதான் எல்லாரும் வருகினம். கனடாவிலயிருந்து பெரியம்மா வாறா. ஒருத்தற்ற வாயும் திறக்கக்கூடாது."

ஹம்சினிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர்கள் வாயை மூட என்னுடைய தலையா கிடைத்தது என்று கேட்க நினைத்தாள். ஆனால் தாயின் முகத்தைப் பார்த்தாள். எல்லாருக்கும் சோறு போட்டு, ஒருவர் வீட்டு விசேசத்துக்கும் கூப்பிடப்படாமல் வாழ்ந்த மனுசி. "சரி, செய்யிறன்" என்றாள்.

கலியாணத்துக்கு முதல்நாள் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு ஆபிரிக்கப் பெண்ணின் சலூனில் குந்தினாள். கழுவி, காற்றால் காயவைத்து, சூட்டு இரும்பால் மெல்லிய மெல்லிய இழையாக இழுத்து இழுத்து, பின்னேரம் முடியும்போது முடி முதுகில் கிடந்தது, கறுப்புப் பட்டு விரித்ததுபோல. சலூன்காரி விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லி அனுப்பினாள், ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பட்டால் பழையபடி சுருண்டுவிடும் என்று. கூட்டிப்போக வந்திருந்த கலாவதி தலையாட்டினார். மழைக்குக் குடை, காருக்குச் சொந்தக்காரப் பெடியன், வாசலிலிருந்து கார் வரைக்கும் இன்னொரு குடை என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த முடியை உச்சியிலிருந்து நுனிவரை தடவினார். கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு வடிவாயிருக்கு, ஹம்சி!"

முப்பத்தொரு வருசம் காத்திருந்த சொல். வந்ததும் வந்தது, வேறு ஆரோ ஒருத்தியின் தலைக்கு வந்தது. ஹம்சினி சிரித்து வைத்தாள், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள். அப்பா மட்டும் வெளியே நின்று, தன் உடைந்த தமிழில், "உள்ள போன பொம்பிளை ஆர்? என்ர மகள் எங்க?" என்று கேட்டார். பகிடிதான். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

விடிந்தது. கலாவதி எல்லாவற்றையும் யோசித்த மனுசி, ஒன்றை மறந்தே போனார். கலியாணத்தன்று காலையில் பொம்பிளையின் உச்சியில் பாலும் அறுகம்புல்லும் வைத்து, அதாவது பாலறுகு வைத்து, தலையில் தண்ணீர் வார்ப்பார்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் இது சொல்லித்தெரிய வேண்டிய விசயமேயில்லை. பல் விளக்குவதுபோல நடக்கிற காரியம். நனைந்தால் என்ன, தமிழ்த்தலைக்குக் கொஞ்சநேரம் டிரையர் பிடித்தால் போதும். அதனால்தான் அது ஒருவர் மூளையிலும் உறைக்கவில்லை. பெரியம்மா பாலும் அறுகம்புல்லும் காசும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து நின்றபோதுதான் கலாவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் தொப்பியைக் கொண்டுவந்து மகளின் தலையில் மாட்டினார்.

"இதென்ன கோலம்?" என்றார் பெரியம்மா. "கழட்டு. உச்சியிலதான் பாலறுகு வைக்கிறது."

"அக்கா, தோளில வையுங்கோவன். தலை நனைஞ்சா..."

"தோளிலயோ? கலாவதி, உனக்கென்ன விசரே? பிள்ளைக்கு ஆசீர்வாதம் பிளாஸ்டிக்குக்கு மேலயோ?"

பெண்டுகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கலாவதி அக்காவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பாலறுகை விட்டால் குறை, தலை சுருண்டாலும் குறை. மனுசியின் முகம் கறுத்துப்போனது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க ஹம்சினிக்கு ஒன்று தெளிவாக விளங்கியது. தான் எப்படிப் போய் நின்றாலும் கதைக்கிறவர்கள் கதைக்கத்தான் போகிறார்கள். அப்படியென்றால் என்ன இழவுக்கு இன்னொருத்தியின் தலையோடு நிற்பது?

தொப்பியை அவளே கழற்றி எறிந்தாள். "வையுங்கோ, பெரியம்மா. நல்லா வையுங்கோ."

பால் உச்சியில் வழிந்தது. பிறகு செம்பால் தண்ணீர். முதுகில் கிடந்த முடி கண்முன்னாலேயே மேலே ஏறத் தொடங்கியது, தோள், கழுத்து, காது என்று. சின்னப்பிள்ளைகள் கைதட்டின. "ஐயோ, போச்சு!" என்று கலாவதி படியில் குந்திவிட்டார்.

மணப்பெண்ணைச் சோடிக்க வந்த பிரீத்தா கையில் நீளப் பொய்ப்பின்னலோடு திகைத்துப்போய் நின்றாள். "அக்கா, மறுபடி இழுக்க நேரம் காணாது. ஈரத்தில இரும்பு வைச்சால் கருகிப்போகும். நான் இப்ப என்னத்தில இதைக் கொளுவிறது?"

"ஒண்டிலயும் கொளுவவேண்டாம். இரும், சொல்லுறன்." ஹம்சினி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஈரம் ஆறமுதல் கிறீமைப் பூசச் சொன்னாள், நடுவகிடு எடுத்துக் கொடுத்தாள், சுருள்களை விரலால் எப்படிச் சுற்றுவது என்று காட்டினாள். முடி காயக் காயப் பொங்கி எழும்பியது. மல்லிகைச் சரத்தைப் பின்னலில் தொங்கவிடாமல் தலையைச் சுற்றி வளையமாகப் படிய வைத்தார்கள். நெத்திச்சுட்டியை வைத்துவிட்டு, பிரீத்தா பழக்கதோசத்தில் ஒரு கைப்பிடி ஊசி எடுத்தாள். ஒன்றைக் குத்தினாள், இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"சும்மா சொல்லக்கூடாது அக்கா, எங்கட ஆக்களின்ர தலையில இது ஐயர் வரமுதலே வழுக்கிடும். இது சுவரில ஆணி அடிச்ச மாதிரி நிக்குது!"

கலாவதி அறை வாசல்வரை வந்தார். பார்த்தார். தன் சேலைக் கரையைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார். அம்மா திட்டியிருந்தால்கூட ஹம்சினிக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஆனாலும் எழும்பினாள், கண்ணாடியில் பார்த்தாள். நான்தான் என்றாள், நடந்தாள்.

மண்டபத்தில் நானூறு தலை திரும்பியது. முணுமுணுப்பு எழும்பத்தான் செய்தது. ஹம்சினி குனியவில்லை. மணவறையில் லக்‌ஷன் அவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லானான். தாலி ஏறியது. பிறகு அறுகரிசி. பெரியவர்கள் வரிசையாக வந்து அரிசியும் அறுகும் கையில் அள்ளி, பாதத்தில், முழங்காலில், தோளில், கடைசியாகத் தலையில் போட்டு வாழ்த்தினார்கள். லக்‌ஷனின் தலையில் விழுந்த அரிசி வழுக்கி நிலத்துக்குப் போனது. ஹம்சினியின் தலையில் விழுந்தது அப்படியே நின்றது. ஆட்கள் வர வர, கறுத்த முடிக்குள் மஞ்சள் அரிசி மணிமணியாகச் சேர்ந்துகொண்டே வந்தது.

பெரியம்மா கிட்ட வந்து உச்சுக்கொட்டினார். "பாவம், வீடியோவில நல்லா இராது. எல்லாம் தலைக்குள்ள சிக்கிப்போச்சு. தட்டிவிடட்டே?" என்று கையை நீட்டினார்.

அந்தக் கையைக் கலாவதி பிடித்துக்கொண்டார். பொத்திப் பிடித்த பிடி, விடுகிற பிடியில்லை.

"கையை எடுங்கோ அக்கா." மேடைக்குக் கீழே இருந்தவர்களுக்கும் கேட்கிற குரல். "என்ர கலியாணத்தில எனக்கு அரிசி போட ஒருத்தரும் இல்லை. என்ர பிள்ளைக்கு இண்டைக்கு இவ்வளவு பேர் போட்டிருக்கினம். அவளின்ர தலை ஒரு மணியைக்கூடக் கீழ விடேல்ல. என்ன வடிவாயிருக்கெண்டு பாருங்கோ. கண்ணைத் திறந்து பாருங்கோ!"

பிறகு தானும் இரண்டு கையாலும் அரிசியை அள்ளினார். போடவில்லை. விரல்களை அகல விரித்து அந்த முடிக்குள் விட்டு, உச்சியில் வைத்து அழுத்தினார். பிரீத்தா கீழே நின்று, "அக்கா, அழாதேங்கோ, கண்மை வழியுது!" என்று கத்தினாள். ஹம்சினி அதைக் காதில் வாங்கவேயில்லை.