பல்லுக்கு வந்தா கையைப் பிடிக்கிறாரு

பல்லுப் பிடுங்குற கடையில வேலை பாக்குறவனுக்கு அடுத்தவங்க வாயும் தெரியும், அவங்க மனசுல இருக்குற சந்தேகமும் தெரியும். கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு முழிச்சுக் கெடந்த என் சொந்தங்களே, உங்களுக்காகத்தான் ஆளு வராத நேரமாப் பாத்து இதை டைப் அடிக்கிறேன். ஹட்டன்ல ஒரு சீனப் பல்லு வைத்தியர் கடையில இருக்கேன். முதலாளி சிங்களத்துல சொல்வாரு, நான் தமிழ்ல சொல்லணும்.

எதுக்குங்க கை?

முதலாளி வாயைப் பாக்குறதுக்கு முந்தி மணிக்கட்டுல மூணு விரலை வச்சுக் கண்ணை மூடிக்குவாரு. ஒடம்புக்குள்ள ஒரு உசுரோட்டம் ஓடுதாம். சீனத்துல அதுக்கு 'சி'ன்னு பேராம். அது தளந்து கெடந்தா பல்லுல கைய வைக்க மாட்டாரு. கேக்கக் கேக்க எனக்குப் புல்லரிச்சுப் போச்சு! லிந்துலையிலேருந்து வந்த கங்காணி ஒருத்தருகிட்ட அம்புட்டையும் மூச்சு விடாமச் சொன்னேன். அவரு கைக்கடிகாரத்தைக் கழட்டிக் கோட்டுப் பையில பத்திரமாப் போட்டுக்கிட்டுச் சொன்னாரு:

"இப்பப் பிடிக்கச் சொல்லு தம்பி."

தொரைக்குச் சேதி

டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்தெடுக்குற கருப்பாயி அக்கா ஒரு பக்கக் கன்னம் வீங்கி வந்தாங்க. கஞ்சிகூட எறங்கலையாம். முதலாளி கையை நீட்டுனதும் முந்தானைக்குள்ள கையை ஒளிச்சுக்கிட்டாங்க. "உசுரு எம்புட்டு ஓடுதுன்னு பாக்குறாருக்கா"ன்னு ஆசையா வெளக்குனேன். அவ்வளவுதான், எந்திரிச்சுட்டாங்க. முதலாளிக்கும் பிடிவாதம். கையைப் பாக்காமப் பல்லைப் பிடுங்கி, ஆளு மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னாரு. அக்கா வாசல்ல நின்னு பொரிஞ்சாங்க:

"தோட்டத்துல மருந்து குடுக்குற டிஸ்பென்சர் ஐயாவும் இப்படித்தான் கையைப் பிடிச்சாரு. ஒனக்கு ஒண்ணுமில்ல, காலைல வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுக்குப் போய் நில்லுன்னுட்டாரு. நல்லா ஓடுதுன்னு இந்தாளும் தோட்டத்துத் தொரைக்குச் சேதி அனுப்புனா, இன்னும் கொழுந்து கேப்பாங்க!"

யாரு கை முதல்ல?

அடுத்த ஞாயித்துக்கெழமை அக்கா திரும்பி வந்தப்ப வீக்கம் கண்ணு வரைக்கும் ஏறியிருந்துச்சு. பேச்சே கொழறுது. நான் பயந்துட்டேன். முதலாளி பழையபடி கையை நீட்டுனாரு. அக்கா அந்தக் கையையே வெடுக்குன்னு பிடிச்சு, அவரு மாதிரியே மூணு விரலை வச்சுக் கண்ணை மூடிக்கிட்டாங்க. முதலாளி கையை உருவல. பெரட்டுல பேரு கூப்பிடக் காத்து நிக்கிற ஆளு மாதிரி நின்னாரு. கொஞ்ச நேரம் போய் அக்கா தன் கையை நீட்டுனாங்க. பல்லு வந்துருச்சு. வாயில பஞ்சோட எங்கிட்ட சொன்னாங்க:

"அவருக்கும் ஓட்டம் ஒண்ணும் பெருசா இல்ல தம்பி, பாவம். கஞ்சி குடிச்சுட்டுப் படுக்கச் சொல்லு."

இப்பல்லாம் தோட்டத்துலேருந்து வர்றவங்க முதல்ல முதலாளி கையைப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் வாயைத் தெறக்குறாங்க, உசுரோட்டத்தைப் பத்தி வெளக்குன என்னை மட்டும் இன்னும் யாரும் நம்பல.