பழைய புல்லி யார் கையில்

என் அப்பா காசிலிங்கத்துக்குச் சொந்த ஊர் முக்கூடல். பதினாறு வயதில் திருநெல்வேலிக்கு வந்து ஒரு பேட்டரிக் கடையில் ஒட்டிக்கொண்டார். பிறகு வண்ணார்பேட்டையில் சொந்தமாக ஆட்டோ எலக்ட்ரிக் கடை போட்டார். கார், வேன், லாரி எது வந்தாலும் பார்ப்பார்.

கழற்றிய பழைய சாமான் எதையும் அவர் கடையில் வைத்துக்கொள்வதில்லை. தினத்தாளில் பொதிந்து வண்டிக்காரரின் உள்ளங்கையில் வைப்பார். பிறகு பொதியைப் பிரித்து, எங்கே தேய்ந்திருக்கிறது, எதனால் தேய்ந்தது என்று விரல் வைத்துக் காட்டுவார். தொழிலுக்கு வந்த புதிதில், நல்ல சாமானை உருவிக்கொண்டு பழையதைப் போட்டுவிட்டதாகச் சொல்லி ஒரு லாரிக்காரர் ஜங்ஷனில் வைத்து அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார். அன்று தொடங்கிய பழக்கம். கண்ணில் பட்ட பழுதை அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவதும் அதோடு சேர்ந்து வந்ததுதான்.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் மேலப்பாளையம் நூர்முகம்மது பாய் கடைக்கு வந்தார். டவுணில் துணிக்கடை வைத்திருப்பவர். அவருடைய ஒரே மகன் அலி அஸ்கர் துபாயில் கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். கொச்சியில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான். சிவப்பு நிறம், இரண்டே கதவு, சுவிட்சைப் போட்டால் முன்விளக்கு இரண்டும் கண் விழிப்பது போல மேலே எழும்பும். ஆனி மாதம் சாரல் பார்க்கப் பாபநாசம் போனான். குளிக்க இறங்கிய இடத்தில் ஆறு அவனைக் கொண்டுபோய்விட்டது. கார் கரையில் நின்றது. அலி அஸ்கரின் பெரியப்பா மகன் செய்யதுதான் அதை வீட்டுக்கு ஓட்டி வந்தான்.

"காசி, அந்த வண்டிய வித்தாச்சு வே. நாகர்கோயில்காரரு ஒருத்தரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுக முடிஞ்சு எடுக்க வாராரு. வண்டி கெடந்து படுத்துது. புது பேட்டரி போட்டும் நாலு நாள்ல செத்துப்போவுது."

"அவசரமா விக்கணுமா, அண்ணாச்சி?"

"அவ மத்தியானம் போயி அதுக்குள்ள ஒக்காந்தா பொழுதடைஞ்சு மஃரிபுக்குத்தான் எறங்குதா. சோறு எறங்கல. நாலு மாசமாச்சு. வண்டி போனாத்தான் அவ வீட்டுக்குள்ள வருவா."

அவள் என்று அவர் சொன்னது அவர் மனைவி ஷரீபா பீவியை.

புதன்கிழமை அப்பா என்னையும் கூட்டிப்போனார். வெளிநாட்டு வண்டி என்றால் அதன் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். படித்துச் சொல்வது என் வேலை. நான் அப்போது ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன்.

கார் வீட்டு முற்றத்தில், வேப்பமரத்தடியில் நின்றது. அப்பா விளக்குச் சுவிட்சைப் போட்டார். ஒரு விளக்கு எழும்பியது. மற்றது பாதியில் நின்றுவிட்டது.

"சார்ஜ் ஏறல" என்றார். கொண்டுபோன பேட்டரியை மாட்டி என்ஜினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்தார். பெல்ட் நன்றாக ஓடியது. பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரின் புல்லியும், பெல்ட் ஓடும் அந்தச் சக்கரமும், சுற்றியது. ஆனாலும் சார்ஜ் விளக்கு அணையவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு என்னிடம் கை நீட்டினார்.

"சாக்கட்டி இருக்கா, ஏட்டி?"

பையில் எப்போதும் இருக்கும். புல்லியிலிருந்து அதன் நடுவே நீட்டியிருந்த தண்டின் முனைவரைக்கும் ஒரே கோடாக இழுத்தார். பத்து எண்ணும் வரை என்ஜினை ஓடவிட்டு நிறுத்தினார். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. புல்லியில் இருந்த பாதி கீழே வந்திருந்தது. தண்டில் இருந்த பாதி அரை அங்குலம்கூட நகரவில்லை.

"பாத்தியளா அண்ணாச்சி, புல்லி மட்டும் தனியா சுத்துது. தண்டப் பிடிக்கவே இல்ல. பிறகு எப்படிக் கரண்டு வரும்? வேணி, புஸ்தகத்துல அந்தப் பக்கத்த எடு."

டாஷ்போர்டுப் பெட்டிக்குள் இருந்த புத்தகத்தில் கிரீஸ் விரல் பட்ட பக்கம் அதுவாகத்தான் இருந்தது. தண்டின் பள்ளத்தில் அரை நிலா வடிவில் ஒரு சிறு இரும்புத் துண்டு உட்காரும், அதற்குக் கீ என்று பெயர், அதுதான் புல்லியையும் தண்டையும் ஒன்றாகப் பூட்டுகிறது என்று தமிழில் சொன்னேன். ஓரத்தில் பேனாவால் தமிழில் எழுதியிருந்ததை மட்டும் சொல்லவில்லை.

'கீ மாற்றியது 3-2-96. உம்மா டார்ச் பிடித்தது. கழற்றி மாட்ட இப்போது உம்மாவுக்கும் தெரியும். இனி மெக்கானிக் வேண்டாம்.'

நிமிர்ந்து பார்த்தேன். அடுக்களை வாசலில் ஷரீபா பீவி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது என்னை அல்ல, அப்பாவின் கையிலிருந்த ஸ்பேனரை. நான் புத்தகத்தை மூடினேன். அப்பாவின் தோளைத் தொட்டுத் தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். அந்நிய வீட்டில், ஆண்கள் நிற்கும் இடத்தில் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை.

அப்பா நட்டில் ஸ்பேனரை வைத்தார். அழுத்தவே தேவையிருக்கவில்லை. விரலாலேயே சுழன்று வந்தது. புல்லியை உருவினார். தண்டின் பள்ளம் சேதமில்லாமல் இருந்தது, உள்ளே கீ இல்லை. புல்லியின் துளைதான் வழுக்கி வழுக்கித் தேய்ந்து கண்ணாடியாகப் பளபளத்தது.

"அண்ணாச்சி, இது தேஞ்சு விழுந்ததில்ல" என்றார் அப்பா. "நட்டு மேல இருக்கும்போது கீ தானா வெளிய வராது. இங்கன பாருங்க, நட்டுல புதுத் தடம். ஸ்பேனர்ல பைப்ப மாட்டி நெம்பியிருக்காவ. யாரோ வேணும்னே எடுத்திருக்காவ."

நூர்முகம்மது பாயின் முகம் மாறியது. "அந்தச் செய்யதுப் பயதான். சாவி அவன்கிட்டத்தான் கெடந்துது. வண்டிய எனக்குத் தாங்க சின்னாப்பான்னு நின்னான். எடுத்து ஒளிச்சிட்டு அமுக்கப் பாக்கான்."

"நான் பேரு ஒண்ணும் சொல்லலையே..."

"நீரு சும்மா இரும் வே." தெருப்பக்கம் போய் நின்று சத்தம் கொடுத்தார். "ஏலே செய்யது, இங்க வாலே."

ஷரீபா பீவி முற்றத்துக்கு இறங்கி வந்தார்கள். சேலைத் தலைப்பின் நுனியில் ஒரு முடிச்சு இருந்தது. அதைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார்கள். உள்ளேயிருந்ததை அப்பாவின் கையில் வைத்தார்கள். அரை நிலா போல ஒரு துண்டு. துருவில்லை. தினமும் துடைத்திருக்க வேண்டும்.

"செய்யத ஒண்ணும் சொல்லாதிய. நாந்தான் எடுத்தேன்."

பாய் திரும்பி வந்தார். "எதுக்குளா?"

"ஓடாத வண்டிய யாரு கொண்டு போவா."

"நீ சோறு திங்கணும்னுதானளா விக்கேன்."

"தெரியும்" என்றார்கள். குரல் உயரவில்லை. "அவன் சீட்டு அவன் காலுக்குத் தக்கன பின்னால தள்ளிக் கெடக்கு. செய்யது ஓட்டிட்டு வந்தப்பக்கூட எட்டி எட்டித்தான் மிதிச்சிருக்கான், சீட்டத் தொடலையாம். நாகர்கோயில்காரரு ஒக்காந்ததும் முன்னால இழுத்துருவாரு."

செய்யது தெருவாசலில் வந்து நின்றான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்பா கீயை உள்ளங்கையில் மூடிக்கொண்டு ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு, "அண்ணாச்சி, வேண்டாம்னா இத இப்படியே விட்டுருதேன்" என்றார்.

பாய் சுவரைப் பார்த்து நின்றார். "வாக்குக் கொடுத்தாச்சு வே. இன்னும் ஒரு வருசம் அவ இதுக்குள்ளயே இருந்தா நான் அவளையும் தூக்கிக் கொடுக்கணும். வேலையப் பாரும்."

பழைய புல்லியை அளவுக்கு எடுத்துக்கொண்டு டவுண் பஸ் ஏறினோம். கீழரத வீதிக்குப் பின்னால் நாறும்பூநாதன் லேத் பட்டறையில் புதுப் புல்லி கடையச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது அப்பா சொன்னார். "புல்லி போச்சு, சாமான் இந்தியாவுலயே கெடைக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். இல்லையா, ஏட்டி?"

எனக்கு முன்பே தெரியும் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை புதுப் புல்லியும் புதுக் கீயும் போட்டார். நட்டை இறுக்கினார், பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். மறுபடி சாக்கட்டிக் கோடு. என்ஜினை ஓடவிட்டு நிறுத்தியபோது கோடு பிரியாமல் இருந்தது. சார்ஜ் விளக்கு அணைந்திருந்தது. சுவிட்சைப் போட்டதும் முன்விளக்கு இரண்டும் ஒன்றாக எழும்பின. வழக்கமாக அந்த நேரத்தில் அப்பா ஒரு பீடி பற்றவைப்பார். அன்று பற்றவைக்கவில்லை.

பழைய புல்லியைத் தினத்தாளில் பொதிந்து பாயிடம் நீட்டினார். பாய் கையை நீட்டவில்லை. அப்பா அடுக்களை வாசலுக்குப் போய் ஷரீபா பீவியின் உள்ளங்கையில் வைத்தார். பொதியைப் பிரித்தார். தேய்ந்த துளையைக் காட்ட விரல் பழக்கத்தில் போனது. பாதி வழியில் மடக்கிக்கொண்டார்.

"பழைய கீயும் உள்ள இருக்கும்மா" என்றார்.

"அவன் போட்டதா?"

"ஆமா. வண்டில கெடக்கது நான் போட்டது."

அவர்கள் துளைக்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத் தாளை மூடினார்கள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போகவில்லை. சனிக்கிழமை செய்யது கடைக்கு வந்தான். வண்டி போய்விட்டது, சின்னாப்பா தெருமுனை வரைக்கும் பின்னாலேயே நடந்து போனார் என்றான்.

"சாச்சி?" என்று ஷரீபா பீவியைப் பற்றிக் கேட்டார் அப்பா.

"நாகர்கோயில்காரரு வாரதுக்கு முந்தி சாச்சியே வண்டிக்குள்ள போயி சீட்ட முன்னால இழுத்து விட்டாவ, மாமா."

அப்பா யாருடைய ஸ்டார்ட்டர் மோட்டாரையோ பிரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எம்புட்டு இழுத்தாவ?"

"கடைசி வரைக்கும்."