படத்தில் இருந்தவன்

ஈரத்தில் ஊறிக் காய்ந்த காகிதத்தின் புளித்த மணம்தான் அந்தச் சித்திரக்கதைப் புத்தகத்தைப் பற்றி முதலில் நினைவுக்கு வருவது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்தை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து மல்வேர்னில் நாங்கள் குடியிருந்தபோது, தேவாலயமொன்றின் நிலவறையில் அகதிக் குடும்பங்களுக்குக் குளிருடுப்புக் கொடுத்தார்கள். அம்மா எனக்கு ‘ஜக்கெற்’ தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பழைய புத்தகப் பெட்டியொன்றிலிருந்து அதை நான் எடுத்தேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அச்சானது. பிணங்களின் உறுப்புகளைத் தைத்து ஒரு விஞ்ஞானி உயிர்கொடுத்த அந்தப் பழைய கதையின் பூதத்துக்கு, இதில் இராணுவச் சீருடை மாட்டிப் போர்முனைக்கு அனுப்பியிருந்தார்கள். கை பிய்ந்து விழும், வைத்தியர் தைத்துவிடுவார், அடுத்த பக்கத்தில் அது மறுபடியும் சண்டைக்குப் போகும்.

அந்தக் குளிர்காலம் முடிந்து வந்த வசந்தத்தில்தான் அப்பாவின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்துசேர்ந்தார். ‘செல்’ குண்டு விழுந்து வெடித்ததில் கிழிந்த கன்னத்தை மருந்துத் தட்டுப்பாட்டுக்குள் அவசரமாகத் தைத்திருந்ததால், இடது காதிலிருந்து உதட்டோரம்வரை தழும்பு தடித்துக் கிடந்தது. அப்பாவும் அம்மாவும் மாலை ‘ஷிவ்ற்’ வேலைக்குப் போய்விட, பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கூட்டிப்போக அவர்தான் வருவார்.

ஒருநாள் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். மணி அடித்த பிறகும் வாசலில் நாலைந்து பேர் என்னைச் சுற்றிநின்று பார்த்துக்கொண்டிருக்கையில், சித்தப்பா வேலியோரம் வந்து நின்றார். படத்தில் இருப்பவன் நேரே வந்துவிட்டான் என்று ஒரு பையன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். உனக்குச் சொந்தமா என்று என் தோழி ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை, ஆரென்றே தெரியாது என்று தலையை ஆட்டிச் சொன்னேன். சித்தப்பாவுக்கு அப்போது ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் நான் தலையாட்டியதைப் பார்த்தார். திரும்பி நடந்தார். நான் முப்பது அடி பின்னால் போனேன்.

வீட்டில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, புத்தகத்தை வாங்கி விரித்தார்.

“வாசிச்சுச் சொல்லு பிள்ளை.”

தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கையைத் தைக்கும் பக்கத்தில் நிறுத்தினார்.

“உவனுக்கு நோகேல்லையாமோ?”

“அதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை, சித்தப்பா.”

“சண்டை முடிஞ்சாப்பிறகு உவனை என்ன செய்யினம்?”

கடைசிப் பக்கத்தில், அடுத்த போர் வரும்வரை அதைச் சங்கிலியால் கட்டி இரும்புக்கதவுக்குள் பூட்டியிருந்தார்கள்.

“அவனை வீட்டை அனுப்புகினம்” என்றேன்.

படத்தில் சங்கிலி தெளிவாகவே தெரிந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஓம்” என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

அடுத்த நாளிலிருந்து அவர் வாசலுக்கு வரவில்லை. தெருமுனை பஸ் தரிப்பிடத்தில், வெயில் காலத்திலும் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். அங்கேயே நில்லுங்கோ என்று நான் சொல்லவில்லை. வாசலுக்கு வாங்கோ என்றும் சொல்லவில்லை.

இப்போது அவர் பக்கத்து நகரமான பிக்கரிங்கில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறார். போன வருடம் அவருடைய மூத்த மகளின் கலியாணத்தில், அந்தப் பள்ளிக்கூட வாசலைப் பற்றி இத்தனை வருடம் சொல்லாததைச் சொல்லத் தொடங்கினேன். “சின்னப்பிள்ளைக் கதையை விடு. சாப்பிட்டியோ?” என்று கேட்டுவிட்டு, விருந்தாளிகளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களின் பெயர்கள்கூட எனக்கு மறந்துவிட்டன. சித்தப்பா என்னை மன்னித்துவிட்டாரா, அல்லது அதைப் பற்றிப் பேச விரும்பவில்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.