மேட்டு வயலுக்கு ஏறல

எங்க வீட்டு ரிமோட்டுல ரெண்டு பட்டன்லதேன் எழுத்து அழிஞ்சு கெடக்கும். ஒண்ணு எங்க வீட்டுக்காரரு கட்சி டிவி, இன்னொண்ணு எந்தம்பி கட்சி டிவி. கமுதியில இருந்து எங்க ஊருக்குக் கேபிள் வயரு வந்த புதுசு அது. தம்பி அபிராமத்துல இருந்தான். வாரத்துல மூணு நாளாச்சும் மொபெட்ட உருட்டிக்கிட்டு ஏழு மணிச் செய்திக்கு டாண்ணு வந்துருவான். "ஏண்டா, ஒன் வீட்டுல டிவி இல்லையா?"ன்னு கேட்டா, "மச்சான்கூட உக்காந்து பாத்தாத்தேன்க்கா அது செய்தி"ம்பான்.

அந்த அரை மணி நேரம் எனக்கு ஒரு எடத்துல இருப்புக் கொள்ளாது. அடுப்புக்கும் டிவிக்கும் நடையா நடப்பேன். ஒரே ஊருல நடந்த ஒரே கூட்டந்தேன். இவரு டிவியில தலை தலையாத் தெரியும். தம்பி டிவியில காலி நாற்காலியா வரிசை கட்டி நிக்கும். "பாத்தீகளா மச்சான், ஈ ஓட்டுறாய்ங்க"ம்பான் அவன். "ஏலே மாப்ள, அது கூட்டம் கலைஞ்ச பெறகு எடுத்ததுடா. ஒங்காளுகளுக்கு வேற பொழப்பு என்ன?"ம்பாரு இவரு. தொண்டை கட்டுற வரைக்கும் கத்துவாக. தட்டு வச்சதும் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாக. அந்த ஒண்ணுலதேன் என் நெஞ்சு ஆறும்.

ஒரு ஐப்பசியில கண்மாய்க்குத் தண்ணி வந்துச்சு. அதைப் படம் பிடிக்க ரெண்டு டிவிக்காரய்ங்களும் ஒரே நாள்ல வந்து எறங்குனாய்ங்க. நான் வயல்ல இருந்து கரையேறி வாரேன், ரெண்டு மைக்கும் என் மூஞ்சிக்கு நேரா நீளுது. "தண்ணி வந்துச்சுங்க. இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா எங்க மேட்டு வயலுக்கு ஏறல. மோட்டாரு வச்சு எறைச்சாத்தேன் பயிரு பொழைக்கும்"ன்னேன். ஒரே மூச்சுல சொன்னேன். மனசுல இருந்த அம்புட்டும் அதுதேன்.

அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீடு நெறையா ஆளு. அப்ப ஆட்சியில இருந்தது இவரு கட்சி. இவரு டிவியில நான் வந்து, "தண்ணி வந்துச்சுங்க"ன்னுட்டுப் போயிட்டேன். 'விவசாயிகள் மகிழ்ச்சி'ன்னு கீழ எழுத்து ஓடுது. தம்பி பட்டன மாத்துனான். அதுல நான் வந்து, "எங்க மேட்டு வயலுக்கு ஏறல"ன்னுட்டுப் போயிட்டேன். பின்னாடியே வெடிச்சுப் போன பூமி ஒண்ணக் காட்டுறாய்ங்க. சத்தியமா அது எங்க ஊரு மண்ணே இல்ல!

"என்னடி இப்படிப் பேசி வச்சிருக்க? நாளைக்கு நான் கட்சிக்காரன் மூஞ்சியில முழிக்க வேணாமா?"ன்னு இவரு குதிக்கிறாரு. "தண்ணி வந்துச்சுன்னு சொல்லச் சொல்லி மச்சான் சொல்லிக் குடுத்தாராக்கா?"ன்னு அவன் கேக்குறான். "அட கூறு கெட்டவய்ங்களா, தண்ணி வந்துச்சு, இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிரும், மேட்டு வயலுக்குத்தேன் ஏறலன்னு ரெண்டையுந்தேண்டா சொன்னேன்!"னு நான் கத்துறேன். கேக்கத்தேன் ஆளில்ல. வயலு காயுதே, மோட்டாருக்கு என்ன வழின்னு ஒருத்தரும் கேக்கல. பேச்சு தடிச்சுப் போயி, "இனி இந்த வாசப்படிய மிதிச்சேன்னா என்னைய என்னான்னு கேளுங்க"ன்னுட்டுத் தம்பி எந்திரிச்சுப் போயிட்டான். போட்ட சோறு தட்டுல அப்படியே கெடந்துச்சு.

மாசியில எம் மகளுக்குக் காது குத்து. மூணு வயசு அவளுக்கு. தாய்மாமன் மடியில உக்கார வைக்காமக் காது குத்துறது எங்க பக்கத்துல வழக்கமில்ல. எனக்கோ கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தேன். அபிராமத்துக்கு நானே பஸ்ஸேறிப் போயி அழைச்சேன். "பாப்பம்க்கா"ன்னான். அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டுப் பத்து நாளு நான் ஒழுங்காத் தூங்கல.

காது குத்து அன்னைக்குக் கோயில்ல மொட்டை போட்டாச்சு. ஆசாரி ஊசியும் கையுமா உக்காந்துருக்காரு. "நேரமாகுதும்மா, வேற யாராச்சும் மடியக் குடுங்க"ங்கிறாரு. நான் ரோட்டுக்கும் கோயிலுக்கும் நடக்குறேன், நடக்குறேன், காலு கடுத்துப் போச்சு. கடைசியில வந்தான் பாருங்க! மாலை, பட்டுப்பாவாடை, தோடுன்னு தட்டோட வந்தான். கட்சிக் கரை வேட்டி, சட்டைப் பையில அவன் தலைவரு படம் எட்டிப் பாக்குது. முன்னாடி நாற்காலியில இவரு கட்சிப் பெரியாளு உக்காந்துருக்காரு. அவரு மூஞ்சி சுருங்குனதப் பாத்தேன். எவன் மூஞ்சி சுருங்குனா எனக்கென்ன, எம் மக மாமன் மடியில உக்காந்துட்டா. நான் அழுதே போட்டேன்.

அதோட விட்டுருந்தா நல்லா இருந்துருக்கும். வீடியோ எடுத்த பையன், "லோக்கல் கேபிள்ல போடச் சொல்லிருக்காக, ஒங்க வீட்டுக்காரரு பேரு நாலு ஊருக்குத் தெரியுமுல்ல"ன்னான். கேபிள்காரரும் இவரு கட்சி. இவருக்கோ கட்சியில ஏதோ பதவி வாரதாப் பேச்சு அடிபடுது. தம்பி அந்தக் கரை வேட்டியோட உக்காந்துருக்கதப் பாத்துட்டு எவனாச்சும் ஒரு வார்த்தை சொல்லி, மறுபடி வீட்டுல ரகளை ஆகுமேன்னு எனக்கு ஒரே பதட்டம். யாருகிட்டயும் சொல்லாம ஸ்டுடியோவுக்குப் போயி, "தம்பி தெரியிற எடத்தை மட்டும் வெட்டிருப்பா"ன்னேன். நாந்தேன் சொன்னேன்.

கேபிள்ல போடுற அன்னைக்குத் தம்பி, பொண்டாட்டி பிள்ளையோட வந்து உக்காந்துட்டான். இவரும் சிரிச்சுப் பேசி, "வா மாப்ள"ன்னு பாயை விரிச்சாரு. படம் ஓடுது. கட்சிப் பெரியாளு வாரதையே மூணு தரம் காட்டுறாய்ங்க. அப்புறம் எம் மக அழுகுற மூஞ்சி, திரை முழுக்க. அவ தலைய அசைய விடாம ரெண்டு கை இறுக்கிப் பிடிச்சிருக்கு. கை மட்டுந்தேன்.

"அத்தை, எங்கப்பா எங்க?"ன்னுச்சு அவன் பிள்ளை.

தம்பி இவரைப் பாத்தான். "சத்தியமா எனக்குத் தெரியாது மாப்ள"ன்னாரு இவரு. எத்தனையோ நாளு எத்தனையோ புளுகு புளுகுன மனுசன், அன்னைக்கு உண்மையச் சொன்னாரு, தம்பி நம்பல. பேசாம இருந்துருந்தா பழி அவரோட போயிருக்கும். இருக்க முடியல. "நாந்தேண்டா வெட்டச் சொன்னேன்"னேன்.

 தம்பி பிள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சான். கோவப்பட்டு ஒரு வார்த்தை வையிவான்னு பாத்தேன், வையல.

"நானும் வந்தேன்க்கா. இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிரும். படத்துலதேன் ஏறல"ன்னான்.